மனநலம் – வாசகர் கேள்விகள்: பிரார்த்தனையில் மனசு ஒட்டவில்லையே!

முன்பெல்லாம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலே கண் கலங்கும். இரண்டு மாதமாக வாய் மட்டும் சொல்கிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. என் பக்தி வற்றிவிட்டதா?

பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, நெருங்கிய சிநேகிதியின் போன் எல்லாமே இப்போது சப்பென்று இருக்கிறதா? ஆமென்றால் வற்றியது பக்தி அல்ல. எதிலும் நாட்டமில்லாமல் போவது மனச்சோர்வின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மற்றது, நாள் முழுக்க விடாத துக்கம். இந்த இரண்டில் ஒன்றாவது 2 வாரமாக ஏறக்குறைய தினமும் இருந்து, தூக்கம், பசி, கவனம், தெம்பு ஆகியவையும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பார்.

பிரார்த்தனையை விட வேண்டாம், சுருக்குங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பழகியவர், இப்போதைக்கு 3 நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனம் சிதறும் நாட்களில் சொந்த வார்த்தைகளைத் தேடுவது பெரும்பாடு. அதனால் மனப்பாடமான ஒன்றை, அல்லது புத்தகத்தில் உள்ளதை, வாய்விட்டுப் படியுங்கள். உருக்கம் வந்ததா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். படித்து முடித்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

சிக்கல் இன்னொரு இடத்திலும் வரும். மனச்சோர்வில் இருப்பவர் கண்ணை மூடினால் பிரார்த்தனை மெல்ல மெல்ல தன்மேல் போடும் வழக்காக மாறிவிடும். 'மன்னித்துவிடு, மன்னித்துவிடு' என்று ஒரே வரி சுற்றிக்கொண்டே இருக்கும். எழுந்திருக்கும்போது உட்கார்ந்ததைவிட மனசு கனத்திருக்கும். காரணமே இல்லாத குற்ற உணர்வும் இந்த நோயின் அறிகுறிதான். வரி சுற்ற ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து எழுந்து நில்லுங்கள். வேறு ஒருவர் பெயரைச் சொல்லி அவருக்காக வேண்டிக்கொண்டு முடித்துவிடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் அன்றைய தவறுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், குணமாகும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

கூட்டு வழிபாடு தனியாக இருப்பதைக் குறைக்கும். கூட்டம் பயமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் கிளம்பி வாருங்கள், யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. குளித்து மூன்று நாள் ஆகிறது. 'உடம்பைக் கவனி' என்கிறார்கள், எங்கே தொடங்குவது?

மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைதான் மிக மோசமான நேரம், பொழுது ஏற ஏறச் சற்றுத் தேவலாம் போலிருக்கும். அதனால் கண் விழித்ததும் 'இந்த நாளை எப்படி ஓட்டப் போகிறேன்' என்று தோன்றுவதை அப்படியே நம்பாதீர்கள். எந்த முடிவும் அப்போது எடுக்காதீர்கள்.

எழுவதைத் துண்டு துண்டாக்குங்கள். கால் இரண்டையும் தரையில் வையுங்கள். முதல் நாள் இரவே கட்டிலருகில் வைத்த தண்ணீரைக் குடியுங்கள். ஜன்னலைத் திறங்கள். அடுத்தது பல் தேய்ப்பது. குளியல் மலையாகத் தெரிந்தால் முகம், அக்குள், பாதம் மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடை மாற்றுங்கள். அன்றைக்கு அதுவே குளியல். பிறகு 10 நிமிடம் வெளியே நடை. மேகம் மூடிய பகல் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், உடல் கடிகாரத்தைச் சரிசெய்வது அதுதான். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்த பிறகுதான் கொஞ்சமாவது வரும். சந்தேகமிருந்தால் நடைக்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துப் பாருங்கள். 2 என்பது 3 ஆவதே நல்ல பலன்.

எங்கே சறுக்கும் தெரியுமா? நன்றாக இருக்கும் நாளில் வீடு முழுக்க ஒழித்து, துவைத்து, ஒரு மணி நேரம் நடந்துவிடுவார்கள். மறுநாள் எழவே முடியாது. 'பார், திரும்ப வந்துவிட்டது' என்று மனம் விட்டுப்போகும். நல்ல நாளுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

இரவு எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பகலில் கண் அசந்தால் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். காபி, டீ மதியத்தோடு சரி. தூக்கத்துக்கென்று மது வேண்டவே வேண்டாம். சீக்கிரம் தூங்க வைத்து நடு இரவில் எழுப்பிவிடும், மனச்சோர்வையும் கூட்டும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கி ஒரு வாரம்; பலனில்லை, வயிற்றைப் புரட்டுகிறது. நோன்பு வேறு வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடவுளையே நம்பலாமா?

வயிற்றுப் புரட்டல், தலைவலி போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகலாம். கஷ்டம் முந்தியும் சுகம் பிந்தியும் வருவதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உதறல் வரலாம். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 25 வயதுக்குள் இருப்பவருக்கு முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நோன்புக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் நேரத்தைச் சொல்லுங்கள். தினமும் ஒரே ஒரு வேளை மட்டும் எடுக்கும் மாத்திரை என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும். லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து) எடுப்பவர்கள் மட்டும் மிகவும் கவனம்: தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு பல மதங்களில் உண்டு. உங்கள் மதகுருவிடம் கேட்டுப் பாருங்கள். நம்பிக்கையா மாத்திரையா என்ற போட்டியே வேண்டாதது. கண்ணாடி போடுபவர் யாரும் அதனால் பக்தி குறைந்ததாக நினைப்பதில்லை.

என் மனைவி 'செத்தால் தேவலை' என்கிறாள். 'கடவுள் இருக்கிறார், தைரியமாக இரு' என்றால் இன்னும் அழுகிறாள்.

தைரியம் இல்லாததுதான் தன் குற்றம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அறிவுரையை விட்டுவிட்டு நேராகவே கேளுங்கள்: 'தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலானோருக்குச் சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான். வழி, நேரம் என்று யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி இல்லையென்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து ஆகியவற்றை இன்றே அப்புறப்படுத்துங்கள். அவருடைய மாத்திரையும் சில நாளுக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள்.