உச்சங்களின் கணக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள எஸ்.,

எந்தச் செய்தியைத் திறந்தாலும் ‘இதுவரை இல்லாத வெயில்’, ‘நூறாண்டில் பெய்யாத மழை’ என்கிறார்கள். என் அப்பா முப்பத்தோரு ஆண்டுகள், தினமும், பகலின் உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் மழையளவையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். அவர் போன பிறகு இப்போதுதான் அவற்றைப் புரட்டினேன். முதல் பத்தாண்டுக்குள் ஒரு நாள் அவர் குறித்த வெப்பம் பிறகு ஒருமுறைகூட எட்டப்படவில்லை. உலகிலேயே மிக அதிக வெப்பநிலையும் 1913இல் பதிவானதுதானாம். அப்படியென்றால் இதெல்லாம் எப்போதும் இருந்ததுதானே? வானிலை நிலையங்கள் பெருகியதாலும் கைபேசியில் உடனுக்குடன் செய்தி வருவதாலும்தான் ரெக்கார்டுகள் கூடுவதுபோலத் தெரிகிறதா? நகரங்களின் சிமெண்ட் சூடு காரணமா? புயல்களும் கூடுகின்றனவா? பேரிடர்களில் சாவு குறைந்திருக்கிறது என்றும் படித்தேன். அப்புறம் ஏன் இவ்வளவு பதற்றம்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

முடிவை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறியை ஒட்டி அனுப்பும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ‘எப்போதும் இருந்ததுதானே?’ என்பது அந்த வகை. உங்களுக்கு எழுதக் காரணம் உங்கள் அப்பா.

முப்பத்தோரு ஆண்டுகள் என்றால் பதினோராயிரம் நாட்களுக்கு மேல். அதில் பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடந்திருக்காது. நேற்றைப் போலவே இன்றும் வெயில், மழை இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். காய்ச்சலிலும் எழுதியிருப்பார், வீட்டில் சண்டை நடந்த அன்றும் எழுதியிருப்பார். பெரிய வெள்ளத்தை எழுதிவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமையை எழுத ஒரு தனி மனம் வேண்டும். அந்த வெறும் செவ்வாய்க்கிழமைகள் இல்லாவிட்டால் எது உச்சம், எது வழக்கம் என்று சொல்லவே முடியாது. காலநிலை அறிவியலின் அடித்தளம் இப்படி எழுதியவர்கள்தான்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? பதினோராயிரம் நாட்களில் ஒரே ஒரு நாளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஓரமாக வைத்துவிட்டீர்கள். அவர் பொறுமையாகச் சேர்த்ததை ஒரு பட்டிமன்ற வாதமாக்கிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது என்றால் இதனால்தான்.

ரெக்கார்டுகளைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காலநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் தன் போக்கில் கொஞ்சம் கூடியும் குறைந்தும் வருகிறது. ஆண்டுக்கு ஒரு உச்ச வெப்பத்தைக் குறிக்கிறோம். முதல் ஆண்டு எழுதுவது தானாகவே ரெக்கார்டு, ஒப்பிட வேறு எதுவும் இல்லையே. இரண்டாம் ஆண்டு அதை முந்த இரண்டில் ஒரு வாய்ப்பு. பத்தாம் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று. ஏனென்றால் பத்து ஆண்டுகளில் மிகப் பெரியது எந்த ஆண்டாகவும் இருக்கலாம். அது சரியாகக் கடைசி ஆண்டாக அமைய வேண்டும். நூறாம் ஆண்டுக்கு நூறில் ஒன்று. பாலைவனமோ பனிப்பிரதேசமோ, எங்கே அளந்தாலும் இதே கணக்குதான். கூட்டிப் பாருங்கள்: ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால்... பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 3 ரெக்கார்டுகள் வரும். நூறு ஆண்டுகளில் 5.2. ஆயிரம் ஆண்டுகள் விடாமல் எழுதினாலும் 7.5தான்!

அதாவது, காலநிலை சும்மா இருந்தால் ரெக்கார்டுகள் வற்றிப்போக வேண்டும். பதிவேடு பழசாக ஆக, அதில் உச்சங்கள் அரிதாக வேண்டும். ‘முன்பும் வெயில் அடித்ததே’ என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். முன்பு ரெக்கார்டு உடைந்ததில் வியப்பே இல்லை, அப்போது பதிவேட்டுக்கு வயது குறைவு. நூறு, நூற்றைம்பது வயதான பதிவேடுகளில் இன்னமும் உடைந்துகொண்டிருப்பதுதான் வியப்பு.

உங்கள் அப்பாவின் நாட்குறிப்பில் இதைப் போட்டுப் பார்க்கலாம். மாறாத காலநிலையில் முப்பத்தோரு ஆண்டுகளுக்கு நான்கு ரெக்கார்டுகள் எதிர்பார்க்கலாம். அதில் மூன்றுக்கு மேல் முதல் பதினைந்து ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். முழு உச்சமும் முதல் பத்தாண்டுக்குள் விழ ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு. உலகம் சூடாகும்போது இந்த வாய்ப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்றத்தாழ்வு அவ்வளவு பெரியது. ஆகவே அந்த ஒரு நாள் எதையும் நிரூபிக்கவில்லை. உங்கள் கட்சிக்கும் உதவாது, என் கட்சிக்கும் உதவாது.

ஒரே இடத்தை விட்டுவிட்டு உலகத்தைப் பாருங்கள். நாசாவின் உலகச் சராசரி வெப்பநிலை வரிசை 1880இல் தொடங்குகிறது. 2014 முதல் 2024 வரையிலான பதினோரு ஆண்டுகளில், மேலே சொன்ன கணக்குப்படி, ஒரு ரெக்கார்டாவது வரப் பன்னிரண்டு பதின்மூன்றில் ஒரு வாய்ப்புதான். வந்ததோ ஐந்து. 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று, பிறகு 2023, அதையும் தாண்டி 2024. (ஒவ்வோர் ஆண்டும் தனித்தனி அல்ல, பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடேறும் எல் நீனோ போன்றவை அடுத்தடுத்த ஆண்டுகளைச் சேர்த்து இழுக்கும் என்று ஒரு கணித வாசகர் எழுதப்போகிறார். சரி, தளர்த்திக்கொள்ளுங்கள். எவ்வளவு தளர்த்தினாலும் இந்த இடைவெளி மூடாது.) உலகெங்கும் மாதவாரியான வெப்ப ரெக்கார்டுகளை எண்ணி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. மாறாத காலநிலையில் வரவேண்டியதைப்போல் சராசரியாக ஐந்து மடங்கு வந்திருந்தன.

நிலையங்கள் பெருகியதைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கான நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 365 தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வெப்ப உச்சம், ஒரு குளிர் உச்சம். எங்காவது ஏதாவது தினமும் உடையத்தான் செய்யும். செய்தியாளருக்குத் தீனி எப்போதும் உண்டு. ஆனால் நிலையங்கள் பெருகினால் குளிர் ரெக்கார்டும் அதே அளவுக்குப் பெருக வேண்டுமல்லவா? அமெரிக்க நிலையங்களில் அதைப் பார்த்தார்கள். 1950களில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 2000களில் ஒரு குளிர் ரெக்கார்டுக்கு இரண்டு வெப்ப ரெக்கார்டுகள். கைபேசிக்குக் குளிரின் மேல் மட்டும் என்ன பகை?

சிமெண்ட் சூட்டுக்கு ஒரு வரி போதும். கடலில் சிமெண்ட் இல்லை. 2023-24இல் உலகக் கடற்பரப்பின் சராசரி வெப்பம் ஓர் ஆண்டுக்கும் மேலாக, அந்தந்தத் தேதியின் பழைய உச்சத்தைத் தாண்டியே கிடந்தது.

என்னைத் தூங்கவிடாதது ரெக்கார்டுகளின் எண்ணிக்கைகூட அல்ல, அவை உடையும் அளவு.

கனடாவின் தேசிய வெப்ப ரெக்கார்டு 1937இல் பதிவான 45.0 டிகிரி. எண்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தது. 2021 ஜூன் 27 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 46.6. மறுநாள் 47.9. அதற்கும் மறுநாள் 49.6. பழைய ரெக்கார்டுகள் டிகிரியின் பத்தில் சில பங்குகளால் உடைவதே வழக்கம். இங்கே 4.6 டிகிரி. நான்காம் நாள் தீப்பிடித்து அந்த ஊரில் பெரும்பகுதி எரிந்துபோனது.

விளையாட்டில் இதற்கு ஒரே ஓர் இணை எனக்குத் தெரியும். 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் பாப் பீமன் தாண்டிய நீளத் தாண்டல். அதுவரை உலக சாதனை 8.35 மீட்டர். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏறிவந்த ஒன்று. பீமன் 8.90 தாண்டினார், ஒரே தாவலில் 55 சென்டிமீட்டர். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பின்காற்றும் அனுமதிக்கப்பட்ட எல்லையான விநாடிக்கு 2 மீட்டரில் சரியாக நின்றது. காற்றுதான் தாண்டியதா, பீமன்தான் தாண்டினாரா? மற்ற வீரர்களும் அதே உயரத்தில்தானே தாண்டினார்கள், அவர்களில் யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. அன்றைக்கு பீமனுக்கு வாய்த்தது ஒன்று, அதற்கு அடியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த உயரம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் 8.90.

லிட்டனிலும் அதுதான். அந்த வாரம் மேலே கவிழ்ந்து நின்ற வெப்பக் குவிமாடம், அதாவது சூடான காற்றை மூடிபோல அடைத்துவைக்கும் உயர் அழுத்தம், தன்னளவிலேயே அபூர்வமானது. அது பீமன். அதற்கு அடியில் மனிதர்கள் சேர்த்த சூடு இருந்தது. ஆய்ந்தவர்கள், தொழிற்புரட்சியின் தொடக்கத்தில் இதே அலை வந்திருந்தால் ஏறத்தாழ 2 டிகிரி குறைவாக இருந்திருக்கும் என்றார்கள். அந்தச் சூடு இல்லாமல் இப்படியொரு உச்சம் அநேகமாக நடந்தேயிருக்காது என்றும் சொன்னார்கள். ‘இது வானிலையா, காலநிலை மாற்றமா?’ என்று ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைக் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியே பிழை.

ஆனால் பீமனின் சாதனை 1991வரை நின்றது. மெக்சிகோ நகரம் ஆண்டுக்கு ஆண்டு உயரமாகிக்கொண்டே போயிருந்தால் நின்றிருக்குமா? நம் நிலைமை அதுதான். 2021இல் வந்த இன்னோர் ஆய்வின் சாரம் இது: இப்படிப் பெரிய இடைவெளியில் உடையும் ரெக்கார்டுகள், உலகம் எவ்வளவு சூடாகிவிட்டது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதைப் பொறுத்தவை. வேகம் கூடினால் பழைய ரெக்கார்டு ஒரு குளிர்ந்த காலத்தில் பின்தங்கிவிடுகிறது, புதியது வரும்போது அதை ஒரேயடியாகத் தாண்டுகிறது. வேகம் நின்றால் ரெக்கார்டுகளும் மெல்ல நின்றுவிடும். வெயில் மட்டும் அப்படியே இருக்கும். என்றாவது ரெக்கார்டுச் செய்திகள் குறைந்தால் ‘பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

1913 பற்றி. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 56.7 டிகிரி, ஜூலை 10. அதிகாரபூர்வமாக அதுதான் நிற்கிறது, சந்தேகிப்பவர்களும் உண்டு. 2012வரை அது இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. முதலிடம் லிபியாவின் அல் அஜீஜியா, 1922 செப்டம்பர் 13, 58 டிகிரி. உலக வானிலை அமைப்பு மூலப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தது. அந்த நாட்களில் புதிய கை ஒன்று எழுதத் தொடங்கியிருந்தது, எண்கள் தவறான பத்தியில் விழுந்திருந்தன. வெப்பமானியின் குறிமுள்ளில் தப்பான முனையைப் படித்திருக்கலாம், அதிலேயே 7 டிகிரி பிழை என்று முடிவுகட்டி, தொண்ணூறு ஆண்டுகள் எல்லாப் பாடநூலிலும் இருந்த எண்ணை அடித்துவிட்டார்கள். பழைய உச்சங்களை இப்படித்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் அந்த நாளையும் விசாரியுங்கள். வெப்பமானி நிழலில் இருந்ததா, வெயில் படும் சுவரிலா? இடையில் இடம் மாற்றினாரா? அவரே எங்காவது ஓரத்தில் குறித்திருப்பார் என்று தோன்றுகிறது. இவ்வளவு எழுதியவர் அதை விட்டிருக்க மாட்டார்.

அப்புறம், பகல் பத்தியை விட்டுவிட்டு இரவுப் பத்தியைப் பாருங்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உலகின் நிலப்பரப்பில் பெரும்பாலும் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகியிருக்கிறது. பகல் உச்சம் ஒரு மேகத்துக்கே கலைந்துவிடும். இரவில் வெப்பம் இறங்காவிட்டால் உடலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது, வெப்ப அலைகளில் முதியவர்கள் இறப்பதில் அதற்குப் பெரிய பங்கு. முதல் பத்தாண்டின் இரவுகளையும் கடைசிப் பத்தாண்டின் இரவுகளையும் சராசரி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துவிடுங்கள், காகிதத்தை நம்பாதீர்கள்.

மழை: காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் 7 விழுக்காடு கூடும். பழைய காலநிலையில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கனமழை இப்போது 1.3 மடங்கு வருகிறது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் மதிப்பிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த வெப்பத்துக்கு அதே அறிக்கையில் 2.8 மடங்கு, ஐம்பதாண்டு வெப்பத்துக்கு 4.8 மடங்கு. அரிதானதுதான் அதிகம் பெருகுகிறது, கவனியுங்கள்.

புயல்: எண்ணிக்கை கூடியதாகச் சொல்ல முடியாது. வலுத்த புயல்களின் பங்கு கூடியிருக்கிறது. கூடுகிறது என்று கத்துபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சாவு குறைந்தது உண்மை. 1970களில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேர் வானிலைப் பேரிடர்களில் இறந்தார்கள், 2010களில் இருபதாயிரத்துக்கும் கீழே. இத்தனைக்கும் அந்த ஐம்பது ஆண்டுகளில் பதிவான பேரிடர்கள் ஐந்து மடங்காகின (அதில் ஒரு பங்கு நன்றாகப் பதிவுசெய்யத் தொடங்கியதால்). முன்னெச்சரிக்கை செய்த வேலை இது, அதைக் கொண்டாட வேண்டும். ஆனால் புயல் வருகிறது என்று சொல்லி மனிதர்களை அப்புறப்படுத்தலாம், அணையை அப்புறப்படுத்த முடியாது. அணையின் உபரிநீர் மதகும் பாலத்தின் உயரமும் மழைநீர் வடிகாலின் அகலமும், கட்டிய அன்று கையில் இருந்த பதிவேட்டின் உச்சத்தைப் பார்த்துக் கணக்கிட்டவை. ‘நூறாண்டு வெள்ளம்’ என்று பொறியாளர்கள் வரைபடத்தில் எழுதியது அந்தப் பழைய நூறாண்டைத்தான். பதற்றம் ஏன் என்று கேட்டீர்களே, எனக்கு இருக்கும் பதற்றம் அந்த வரைபடங்களைப் பற்றியது.

அன்புடன்,
எஸ்.