1898 ஸ்பெயின்-அமெரிக்கப் போருக்குப் பின் கியூபாவுக்குச் சுதந்திரம், பிலிப்பைன்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை?

டெல்லர் திருத்தம்தான் காரணம். ஸ்பெயினோடு போருக்குப் போகும் முன்பே, 1898 ஏப்ரலில், கியூபாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்க காங்கிரஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. அதில் பிலிப்பைன்ஸ் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. (கியூபா சர்க்கரை வரியில்லாமல் உள்ளே வந்துவிடும் என்ற அமெரிக்க பீட்ரூட் வகைச் சர்க்கரை (பீட் சர்க்கரை) உற்பத்தியாளர்களின் பயமும் இதற்குப் பின்னால் இருந்தது என்பார்கள்.)

உங்கள் பாடப்புத்தகம் "ஸ்பெயினின் காலனிகளை அமெரிக்கா பெற்றது" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கியிருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் போரை முடித்துவைத்த பாரிஸ் ஒப்பந்தத்தின் முதல் மூன்று பிரிவுகளை மட்டும் படித்துப் பாருங்கள்:

1. கியூபா மீதான உரிமையை ஸ்பெயின் கைவிடுகிறது. யாருக்கும் எழுதித் தரவில்லை.
2. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு.
3. பிலிப்பைன்ஸும் அமெரிக்காவுக்கு, 2 கோடி டாலர் விலைக்கு.

பிலிப்பினோ புரட்சித் தலைவர் அகினால்டோ 1898 ஜூன் 12-லேயே பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தை அறிவித்திருந்தார். ஒப்பந்தம் பேசியபோது அவர் தரப்பை யாரும் சட்டை செய்யவில்லை. 1899 பிப்ரவரியில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பினோக்களுக்கும் போர் மூண்டது.

ஆனால் ஒன்று, "கியூபா 1902-ல் சுதந்திரம் பெற்றது" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அமெரிக்க காங்கிரஸ் 1901-ல் விதித்த பிளாட் திருத்தத்தை கியூபா தன் அரசியலமைப்பிலேயே சேர்த்த பிறகுதான் அமெரிக்கப் படை வெளியேறியது. அதன்படி, கியூபாவில் நினைத்தபோது தலையிடும் உரிமை அமெரிக்காவிடமே இருந்தது. 1934-ல் அது போனது. கியூபாவில் உள்ள குவாண்டனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளம் இன்னும் போகவில்லை.