பெரிய கேம்கள் நிண்டெண்டோ ஸ்விட்ச் கையடக்கக் கன்சோலுக்கு வரும்போது ஏன் இவ்வளவு சொதப்பல்? டெவலப்பர்களின் சோம்பேறித்தனமா?

கேள்வியில் அந்தக் கடைசிச் சொல் இல்லாமல் இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். சோம்பேறி என்று முகம் தெரியாதவர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பெங்களூரில், வெளிநாட்டு கேம் நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை செய்துகொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் சில வருடம் புரோகிராமராக இருந்தேன். பிசியில் ஓடும் கேமைக் கையடக்கக் கன்சோலில் ஓட வைப்பது, அதாவது 'போர்ட்' செய்வது, வேலை. அதனால் 'தன் ஆட்களுக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஆமாம், கொஞ்சம் வக்காலத்துதான்.

உங்கள் நிலைமையும் புரிகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ பேரம் பேசி ஒரு ஸ்விட்ச் வாங்கியிருப்பீர்கள். யூடியூபில் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வீடியோ பார்த்து ஆசைப்பட்ட கேமை, வீட்டில் விலையைச் சொல்லாமல் வாங்கியிருப்பீர்கள். போட்டால் மரமெல்லாம் கண்ணெதிரே முளைக்கிறது, நாலு எதிரி சேர்ந்து வந்தால் படம் திக்குகிறது, எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. கோபம் வரத்தான் செய்யும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். மொத்த ரேம் 4 ஜிபி, அதையே கணக்குப் போடும் சிபியுவும் படம் வரையும் ஜிபியுவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கன்சோலின் சொந்த சிஸ்டம் எடுத்தது போகக் கேமுக்கு மிஞ்சுவது சுமார் 3.2 ஜிபி. நான்கு சிபியு கோர்களில் ஒன்று சிஸ்டத்துக்குப் போய்விடும், மீதி மூன்றும் ஏறக்குறைய 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும். 2013-ல் வந்த பிஎஸ்4-லேயே ரேம் 8 ஜிபி. அளவைவிடப் பெரிய தலைவலி வேகம். ரேமிலிருந்து தரவு போய்வரும் வேகம் பிஎஸ்4-ல் நொடிக்கு 176 ஜிபி. ஸ்விட்சில், டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்திருக்கும்போதே, 25.6 ஜிபி. எடுத்துக் கையில் பிடித்தால் பேட்டரிக்காகவும் சூட்டுக்காகவும் அது இன்னும் குறையும், ஜிபியுவின் வேகமும் சுமார் பாதியாகும். புகை, தீ, மூடுபனி வரும் இடங்களில் ஃபிரேம் விழுவதற்கு, அதாவது நொடிக்கு வரும் படங்கள் குறைந்து திக்குவதற்குப், பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே பிக்சலின் மேல் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வர வேண்டியிருக்கும்.

ஜிபியு திணறினால் ரெசல்யூஷனைக் குறைத்துத் தப்பிக்கலாம். 2019 அக்டோபரில் ஸ்விட்சுக்கு வந்த விட்சர் 3, கையில் பிடித்து ஆடும்போது 540பி அளவில் ஓடியது. படம் மங்கல்தான், ஆனால் முழு கேமும் அதன் இரண்டு விரிவாக்கங்களும் ஒரு 32 ஜிபி கார்ட்ரிட்ஜில் வந்தன. சிபியு திணறினால் இந்த வித்தை பலிக்காது. சந்தையில் நூறு பேர் நடக்கிறார்கள் என்றால், படத்தை எவ்வளவு சுருக்கினாலும் அந்த நூறு பேரும் எங்கே போகிறார்கள், யார் மேல் யார் இடிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒன்று ஆட்களைக் குறைக்க வேண்டும், இல்லை ஊரைத் தனியாக வெட்டி வாசலில் லோடிங் திரை போட வேண்டும். 2023-ல் ஸ்விட்சுக்கு வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசியில் ஹாக்ஸ்மீட் ஊருக்குள் நுழையும்போது லோடிங் வருகிறதே, அது இப்படி ஒரு வெட்டு. பெரிய கன்சோல்களில் அதே இடத்தில் நிற்காமல் நடந்தே உள்ளே போகலாம். 2014-ல் சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டாவுக்கு பார்டர்லேண்ட்ஸ் 2 வந்தபோது சேர்ந்து ஆடக்கூடியவர்கள் நான்கு பேரிலிருந்து இரண்டு பேர் ஆனார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கேமின் பெயரையும் கன்சோலின் பெயரையும் கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பிசியில் நல்ல பெயர் வாங்கிய கேம் அது. ஓரளவு ஃபிரேமைப் பிடித்து நிறுத்தியாகிவிட்டது, படமும் பரவாயில்லை. ஆனால் டெஸ்டர்கள் ஆடும்போது மட்டும், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் கிராஷ் ஆகும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். எங்கள் மேஜையில் வரவே வராது. டெவலப்பர்களுக்குத் தரும் டெவ்கிட்டில் கடையில் விற்கும் கருவியைவிட ரேம் கூடுதலாக இருப்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதனால் நினைவகம் தீர்வது எங்களுக்குத் தெரியாமலே போகும். போதாததற்கு நாங்கள் யாரும் கேமை ஆடுவதில்லை. வேண்டிய கட்டத்துக்கு ஒரு கமாண்ட் அடித்துத் தாவிப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம்.

டெஸ்டர்களில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். மற்றவர்களைவிட அவருக்குச் சீக்கிரமே கிராஷ் ஆகும். சூடு, மெமரி கார்டு, அவர் கையிலிருக்கும் கருவி என்று வரிசையாகச் சந்தேகப்பட்டோம். அவர் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "தம்பி, எனக்கு இந்த ஊர்ல வழியே புடிபடல, நிமிஷத்துக்கு ஒருதடவை மேப்பைத் தொறக்குறேன். மேப் நெறைய தொறந்தா சீக்கிரம் சாவுதுன்னு நெனைக்கிறேன், கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தோம். மேப் திரை திறக்கும்போதெல்லாம், பின்னால் ஓடும் காட்சியை ஒரு படமாகப் பிடித்து, மங்கலாக்கிப் பின்னணியில் வைக்கிறார்கள். 1920-க்கு 1080 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு படத்துக்கு 8 எம்பி சொச்சம். மேப்பை மூடும்போது அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். நூறு முறை திறந்தால் 800 எம்பி காலி. இந்த ஓட்டை மூல பிசி கேமிலேயே, முதல் நாளிலிருந்து இருக்கிறது. பிசியில் 16 ஜிபி ரேம், அது தீர்ந்தாலும் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் தள்ளிவிட்டுச் சமாளித்துக்கொள்ளும், அதனால் ஒரு புகார்கூட வரவில்லை. கன்சோலில் அந்தச் சாய்மானம் கிடையாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

திருத்தம் இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு அனுமதி கேட்டு மெயில் அனுப்பினோம். மூலக் கோடில் கை வைக்காதீர்கள், பிசியில் பிரச்சினை இல்லையே என்று பதில் வந்தது. ஆதாரமாக நினைவக வரைபடத்தை அனுப்பினோம், விளக்கினோம், மறுபடி விளக்கினோம். அவர்கள் தலையாட்டுவதற்குள், கன்சோல் நிறுவனத்தின் சான்றிதழ்ச் சோதனைக்கு பில்ட், அதாவது கேமின் தயார்ப் பிரதி, போய்விட்டது. அதைத் திரும்பப் பெற்று மறுபடி அனுப்பினால் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். விளம்பரத்தில் தேதி போட்டாகிவிட்டது. பிறகு பேட்ச், அதாவது திருத்த அப்டேட், விட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த கூட்டத்தில் எங்களில் ஒருவரும் இல்லை.

வெளியான வாரமே விமர்சனங்கள் வந்தன. 'சோம்பேறித்தனமான போர்ட்.' பேட்ச் பிறகு வந்தது, கிராஷ் நின்றது. விமர்சனத்தில் போட்ட மதிப்பெண் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கருவி பலவீனம், அவ்வளவுதானே, ஸ்விட்ச் 2-ல் 12 ஜிபி ரேம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். பேட்மேன் ஆர்க்கம் நைட் 2015-ல் பிசிக்கு வந்தபோது, கன்சோலைவிடப் பல மடங்கு வலுவான பிசிகளிலேயே திக்கித் திணறி, கடைசியில் பிசி விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். அதே கேம் 2023 டிசம்பரில் ஸ்விட்சுக்கு வந்தபோதும் பேட்மொபைல் ஓட்டும் இடமெல்லாம் பரிதாபம். வலுவான கருவியிலும் கெட்டது, வலுக்குறைந்த கருவியிலும் கெட்டது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஆர்க் சர்வைவல் இவால்வ்ட் 2018-ல் ஸ்விட்சில் பார்க்கச் சகிக்காது. 2022-ல் அதையே மறுபடி செய்து கொடுத்தார்கள்; அதே கன்சோல், அதே 4 ஜிபி, கண்கூடாகத் தேறியிருந்தது. இன்னும் பின்னால் போனால் 2006-ல் நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த சோனிக். 1991-ல் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் சிட்டாகப் பறந்த கேம், 7.6 மெகாஹெர்ட்ஸ் சிப்பில். அட்வான்ஸில் இருந்ததோ 16.78 மெகாஹெர்ட்ஸ். ஆனாலும் சோனிக் ஊர்ந்தது, இசை கோரமாக ஒலித்தது, 240-க்கு 160 திரையில் எதிரே வருவது தெரிவதற்குள் மோதிவிடும். பின்னாளில் ரசிகர் ஒருவர் அதே கருவியில் அதே சோனிக்கை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டினார். கருவிக்குத் தெம்பு இருந்தது, கொடுத்த நேரத்திலோ பணத்திலோதான் ஏதோ குறைந்திருக்கிறது என்பது என் ஊகம். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது என்று சண்டைக்கு வராதீர்கள், ஊகம் என்றுதான் சொன்னேன்.

அப்புறம், எல்லா போர்ட்டையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. 2023-ல் மார்ட்டல் காம்பட் 1-ஐ ஸ்விட்சில் அந்தக் கோரமான முகங்களோடு வெளியிட்டுவிட்டு, பிஎஸ்5-க்கு வாங்கிய அதே 70 டாலரை இங்கேயும் வாங்கினார்கள். அதில் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. கோபத்தை விலை போட்டவர்கள் மேல் காட்டுங்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) பாதியாகச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேல் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேமை முடித்தால் பெயர்ப் பட்டியல் ஓடும். கால் மணி நேரத்துக்குப் பக்கம். மூல நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, வரவேற்பறை, எல்லாரும் இருக்கிறார்கள். கேம் உருவாகும்போது ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள்கூட இருக்கின்றன, அது அங்கே ஒரு நல்ல பழக்கம், குறை சொல்லவில்லை. போர்ட் செய்த எங்களுக்கு ஸ்டுடியோவின் சின்னம் மட்டும். கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது அவர் ஏதோ வங்கி மென்பொருளுக்கு டெஸ்டர். கன்சோல் போர்ட் அனுபவம் என்று ரெஸ்யூமில் எழுதினால், எந்த கேம், பட்டியலில் பெயர் காட்டு என்று கேட்கிறார்களாம். படம் எடுப்பவர்களுக்கு லைட் பாயிலிருந்து சங்கம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது, அதில் காலை வணக்கம் மட்டும்தான் வரும்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடியது: டிரெய்லரை நம்பாதீர்கள், கன்சோலைக் கையில் பிடித்து ஆடும் வீடியோவைத் தேடிப் பாருங்கள், டாக்கில் நன்றாக ஓடுவது கையில் அப்படி ஓடாமல் போகலாம். பெரிய கன்சோல்களோடு ஒரே நாளில் ஸ்விட்சுக்கும் வந்தால் கொஞ்சம் பொறுங்கள், மூல கேமே மாறிக்கொண்டிருக்கும்போது அதை யாரோ அவசரமாகத் துரத்தியிருக்க வாய்ப்பு அதிகம். விட்சர் 3 நான்கு வருடம் கழித்து வந்தது, வந்த பிறகும் 2020 பிப்ரவரி பேட்சில் கிராபிக்ஸ் செட்டிங் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அவுட்டர் வேர்ல்ட்ஸும் 2020-ல் மோசமாக வந்து சில மாதம் கழித்து பேட்சில் ஓரளவு தேறியது. டெமோ இருந்தால் கூட்டமான ஊர், புகை நிறைந்த சண்டை இரண்டையும் பாருங்கள், அமைதியான காட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எந்த கேம் வாங்கினீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. எழுதினால், பேட்சுக்குக் காத்திருக்கலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கேமாக இருந்தால் மட்டும் பதில் வராது.