நட்டம் யார் தலையில்? தொழில் அறம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பயன்வாதம் (விளைவை வைத்துச் சரி தவறு பார்ப்பது), கடமைவாதம் (விளைவு எதுவானாலும் கடமையை மீறாதது), பண்பறம் (நல்ல குணத்தைப் பழகுவது) என்று மூன்றையும் வகுப்பில் நடத்தினார்கள். பின்னால் மோதினால் தீப்பிடிக்கும் என்று பேர் வாங்கிய அமெரிக்க ஃபோர்டு பின்டோ காரை உதாரணம் காட்டி, "பயனை மட்டும் கணக்குப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்" என்று முடித்துவிட்டார்கள். அப்படியானால் கணக்கே போடக் கூடாதா? வேலைக்குப் போன பிறகு எதைப் பிடித்துக்கொள்வது?
– எம்.பி.ஏ. மாணவி, கோவை

பதில்: கணக்குப் போடத்தான் வேண்டும். ஆனால் பின்டோ கதையை வகுப்பறைகளில் பெரும்பாலும் பாதிதான் சொல்கிறார்கள். மீதியையும் தெரிந்துகொண்டால்தான் கணக்கு எங்கே கெட்டுப்போகிறது என்று புரியும்.

1973-ல் ஃபோர்டில் ஒரு குறிப்பு தயாரானது. வண்டி உருண்டு கவிழும்போது பெட்ரோல் கசியாமல் தடுக்க வண்டிக்கு 11 டாலர் ஆகும், 1.25 கோடி வண்டிகளுக்குச் சுமார் 13.7 கோடி டாலர். அந்தச் செலவைச் செய்தால் 180 பேர் தீயில் சாவதும், 180 பேர் கடும் தீக்காயம் அடைவதும், 2,100 வண்டிகள் எரிவதும் தவிரும். உயிருக்கு 2 லட்சம் டாலர், காயத்துக்கு 67,000, வண்டிக்கு 700 என்று விலை போட்டுக் கூட்டினார்கள். வந்தது 4.95 கோடி. ஆகவே செலவு செய்வது கட்டுப்படியாகாது என்பது முடிவு.

வகுப்பில் விட்டுப்போவது இதுதான்: அந்தக் குறிப்பு பின்டோவைப் பற்றியதே அல்ல. பின்டோவின் பிரச்சினை பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் தொட்டி கிழிவது. குறிப்பு பேசியது வண்டி கவிழ்வதைப் பற்றி. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வரவிருந்த ஒரு பாதுகாப்பு விதியை எதிர்த்து, சாலைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்புக்கே அனுப்பப்பட்டது. உயிருக்கு 2 லட்சம் என்ற விலையும் அந்த அமைப்பு 1972-ல் நிர்ணயித்ததுதான்.

இதனால் ஃபோர்டு குற்றமற்றது என்று ஆகிவிடாது. பின்டோவின் தொட்டி பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்தது. மோதல் சோதனைகளில் அது தாங்கவில்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது என்ற சாட்சியத்தை, ஒரு பின்டோ தீ விபத்து வழக்கில் கலிஃபோர்னியா நீதிமன்றம் ஏற்றது. 1978-ல் ஜூரி 12.5 கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே ஆண்டில் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

ஆக, தவறு கூட்டல் கழித்தலில் இல்லை. மிச்சமாகும் பணம் ஒருவர் பைக்கு, தீக்காயம் வேறொருவர் உடம்புக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் வரவு செலவாக எழுதினால் விடை எப்போதும் கணக்கு எழுதுகிறவருக்குச் சாதகமாகவே வரும். காரை வாங்கியவரிடம் "தொட்டி இப்படி இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சரிசெய்து தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் மறுத்திருப்பார்கள்? அந்த ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-ல் எழுதிய கடமைவாதத்தைத் தொழிலுக்குப் பொருத்தினால் வந்து நிற்பது இதுதான்: எதிராளிக்கு முழு விவரமும் தெரிந்தால் அவர் இதற்குச் சம்மதிப்பாரா?

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது குறள் 292; அது பயன் பார்ப்பது. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது 656. அது எந்தக் கணக்குக்கும் இடங்கொடாதது. ஒரே நூல் இரண்டையும் வைத்திருக்கிறது என்றால், எதை எப்போது எடுப்பது என்ற வரிசைதான் முக்கியம்.

வேலையில் சிக்கலான முடிவு வரும்போது ஒரு தாளை எடுத்து, லாபத்துக்கு முன்பு நட்டம் யாருக்கெல்லாம் என்று எழுதுங்கள். "பொதுமக்கள்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர், அடுத்த ஷிப்ட் ஆள் என்று தனித்தனியாக எழுதுங்கள். அவர்களில் ஒருவருக்காவது தெரியாமல் உடம்புக்கோ சம்பாத்தியத்துக்கோ கேடு வருமானால் அந்த வழியை அங்கேயே அடித்துவிடுங்கள். மிஞ்சுகிற வழிகளுக்குள் மட்டும் செலவையும் பயனையும் ஒப்பிடுங்கள். கடைசியாக, இதையே வாரந்தோறும் செய்தால் நம் ஆட்களுக்கு என்ன பழகிப்போகும் என்று கேளுங்கள். அரிஸ்டாட்டில் வழிவந்த பண்பறம் உதவுவது இந்த இடத்தில்தான். வரிசையை மாற்றிக் கணக்கை முதலில் போட்டால், வந்த விடைக்கு நியாயம் தேடும் வேலைதான் மிஞ்சும்.

கேள்வி: திருப்பூரில் 40 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்கிறேன். வாங்கும் பிராண்டுகளின் ஆடிட்டுக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவேடு, கூலி கொடுக்க ஒரு நோட்டு என்று இரண்டு வைத்திருக்கிறேன். உண்மையைக் காட்டினால் ஆர்டர் போய்விடும், 60 பேர் பிழைப்பு கெடும். இதில் எது அறம்?
– பனியன் யூனிட் உரிமையாளர், திருப்பூர்

பதில்: அந்த 60 பேரின் உழைப்பைத்தான் முதல் பதிவேடு மறைக்கிறது. ஒருவருக்கு 8 மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; மணிக்கு 75. இரவு வரை நிறுத்தி ஒன்றரை ஷிப்ட் போட்டால் கூடுதல் 4 மணிக்கு 300 தருகிறீர்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, அதாவது 600. வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் ஒரு டெய்லருக்கு 1,500 ரூபாய் குறைகிறது. ஆறு நாள் வேலையில் வார நேரம் 68 மணி ஆகிறது. பெரும்பாலான பிராண்டுகளின் நடத்தை விதி 48 மணி, அதற்குமேல் ஓவர்டைம் 12 மணி, மொத்தம் 60 என்பதுதான்.

ஆடிட் பற்றிய உங்கள் பயத்திலும் ஒரு தவறு இருக்கிறது. நேரம் கூடியதை உண்மையாகக் காட்டினால் பல பிராண்டுகள் திருத்தத் திட்டமும் கெடுவும் கேட்கும். பொய்ப் பதிவேடு பிடிபட்டால்தான் உறவையே முறிக்கும். அது பிடிபடுவதும் எளிது: மின் கட்டண அளவு, செக்கிங் ரிப்போர்ட்டில் உள்ள தேதி, கேட் பாஸ், தொழிலாளியிடம் தனியாகக் கேட்கும் இரண்டு கேள்வி போதும்.

எங்கே நேரம் கையை மீறுகிறது என்று பாருங்கள். 40 மெஷின், 480 நிமிடம்: 19,200 நிமிடம். அதில் பாதிதான் உண்மையான தையலாகிறது, அதாவது திறன் 50 சதவீதம் என்றால் 9,600. டி-ஷர்ட் ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் நாளுக்கு 1,200 பீஸ். 36,000 பீஸுக்கு 30 நாள் வாங்கியிருப்பீர்கள்; சாயப்பட்டறையிலிருந்து துணி 8 நாள் தாமதமாக வரும்; ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. எட்டு நாளை டெய்லரின் தூக்கத்திலிருந்து எடுக்கிறீர்கள். தாமதம் ஒருவருடையது, நட்டம் இன்னொருவர் தலையில்.

மிச்சமுள்ள 22 நாளில் தினம் 2 மணி ஓவர்டைம் மட்டும் வைத்து, திறனை 55-க்கு உயர்த்தினால் நாளுக்கு 1,650 வரும்; மொத்தம் 36,300. முடிந்துவிடுகிறது. அந்த 5 சதவீதம் பெரும்பாலும் காத்திருப்பில்தான் ஒளிந்திருக்கிறது: கட்டிங் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) காலையில் வராமல் லைன் நிற்பது, கழுத்து ரிப் வைக்கும் ஒரே மெஷினில் எல்லாம் தேங்குவது, நூல் கலர் மாற்ற ஆள் தேடுவது. மறுநாள் பண்டிலை முந்தின மாலையே லைனில் வையுங்கள். தேங்கும் ஆபரேஷனுக்கு இரண்டாவது ஆளைப் பழக்குங்கள்.

செலவு கூடாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். பழைய முறையில் பீஸுக்கு 20 ரூபாயாக இருந்த டெய்லர் கூலி, இரட்டைக் கூலியோடு 21.80 ஆகும். அந்த 1.80-ஐ ரேட் பேசும்போதே கேளுங்கள். ஜாப் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: "உற்பத்தி நாட்கள் முழுத் துணியும் யூனிட்டுக்குள் வந்த நாளிலிருந்து எண்ணப்படும்." அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரே பதிவேடு. பழைய தேதி போட்டு எதையும் திருத்தி எழுதாதீர்கள்; ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் ஆடிட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதற்குப் பிறகும் ஓர் ஆர்டர் போகலாம். அதைத் தாங்க இரண்டாவது வாடிக்கையாளரை இப்போதே பிடித்து வையுங்கள்.

கேள்வி: வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் சரக்கு அறிக்கையில் கையிருப்பைக் கூட்டிக் காட்டச் சொல்கிறார் முதலாளி. "ஒரு மாதம்தான், யாருக்கும் நட்டமில்லை" என்கிறார். நல்ல மனிதர், கஷ்டத்தில் இருக்கிறார்.
– கணக்காளர், கரூர்

பதில்: சரக்கின் மதிப்பை வைத்துத்தான் வங்கி கடன் தருகிறது. 1 கோடி சரக்கை 1.40 கோடி என்று காட்டினால், 25 சதவீத மார்ஜின் (வங்கி கடன் தராமல் விடும் பங்கு) போக 30 லட்சம் கூடுதலாக எடுக்க முடியும். அடுத்த மாதம் உண்மையைக் காட்டினால் எடுக்கும் வரம்பு 30 லட்சம் குறையும். அதைக் கட்டப் பணம் இருந்திருந்தால் இந்த மாதமே கூட்டிக் காட்டத் தேவை வந்திருக்காது. அதனால் ஒரு மாதம் ஒருபோதும் ஒரு மாதமாக நிற்பதில்லை. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ல் எழுதிய கடிதத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணத்தை ஒப்புக்கொண்டபோது, புலிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாத நிலை என்றுதான் சொன்னார். உங்கள் சரக்கு அறிக்கையை ஜி.எஸ்.டி. கணக்கோடு ஒப்பிட்டாலோ, வங்கி ஸ்டாக் ஆடிட் வைத்தாலோ வித்தியாசம் வெளிவந்துவிடும். அப்போது அது பணத்தட்டுப்பாடு அல்ல, மோசடி, தயாரித்தவர் நீங்கள்.

"முடியாது" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். உண்மையான கையிருப்பை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு. அதோடு மாற்று வழியையும் வையுங்கள்: குறுகிய காலத்துக்கு அட்-ஹாக் லிமிட் (கூடுதல் கடன் வரம்பு) கேட்டு வங்கிக்கு விண்ணப்பம், தேங்கிய பாக்கிகளின் பட்டியல், 90 நாள் பணவரத்துத் திட்டம். கஷ்டத்தை முன்கூட்டியே சொல்லும் வாடிக்கையாளருக்கு வங்கியில் கதவு இருக்கிறது. அப்படியும் வற்புறுத்தினால் அந்த அறிக்கையில் உங்கள் கை படக் கூடாது. வேறு வேலை தேடும் நேரம் அதுதான்.

கேள்வி: அரசு வேலைக்கான பில் பாஸாக அதிகாரிகள் லஞ்சம் கேட்கிறார்கள். கட்டாயத்தில் கொடுத்தால் நானும் குற்றவாளியா?
– ஒப்பந்தக்காரர், சேலம்

பதில்: ஆம், 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவருக்கு ஒரே விலக்கு: கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும். அதைவிட நல்லது, கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது. அவர்கள் நோட்டுகளில் ஃபினாப்தலீன் என்ற பொடியைத் தடவித் தருவார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நிறம் இளஞ்சிவப்பாகும். இப்படிப் போகிறவர் கொடுக்கும் பணம் குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது. பில் சமர்ப்பித்த தேதி, செய்த வேலையைப் பதியும் அளவைப் புத்தகத்தின் நகல், கேட்ட தொகை, கேட்ட நாள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.