ஒஃபீலியா கைமாறிய பிறகு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். வார நாட்களில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறு ஒத்திகை. போன வருடக் கடைசியில்தான் முதல் தடவையாகப் பெரிய வேடம் கிடைத்தது. மூன்று காட்சிகள் போட்டோம். ‘பெண்ணிடம் உணர்ச்சி இருக்கிறது, குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை’ என்று விமர்சனம் எழுதினார்கள். இப்போது வெளியூர்க் காட்சிகள் வந்திருக்கின்றன. இயக்குநர் என் வேடத்தைக் குழுவில் மூத்த ஒரு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கூட்டத்தில் ஒருத்தியாக வரச் சொல்கிறார். போன மாதம் ஒரு குறும்பட ஆடிஷனுக்குப் போனேன். ‘உங்க முகம் கேமராவுக்கு செட் ஆகாது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ‘ஆடினதெல்லாம் போதும், வங்கித் தேர்வுக்குப் படி’ என்கிறார் அம்மா. நேற்று ஆங்கில நடிகை ஜூடி டெஞ்ச் பேட்டி ஒன்று பார்த்தேன். படிப்பு முடித்த கையோடு லண்டன் ஓல்டு விக் அரங்கில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியாவாம்! இதெல்லாம் பிறக்கும்போதே வாய்த்தவர்களுக்குத்தான் என்று ஒத்துக்கொண்டு விலகிவிடலாமா?
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேடம் போன வலி புரிகிறது. ஆனால் அதைவிட அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. அந்தப் பேட்டியை நீ பாதியில் நிறுத்திவிட்டாய் போலிருக்கிறது. அந்த ஒஃபீலியா வேடம் ஜூடி டெஞ்ச் கையில் நிலைக்கவில்லை. அடுத்த வருடமே, அதே குழு அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பியபோது, அதை அவரிடமிருந்து எடுத்து இன்னொரு நடிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். உனக்கு நடந்தது அப்படியே அவருக்கு நடந்திருக்கிறது.

நம்மில் பலருக்கு அவர் ஜேம்ஸ் பாண்டுக்கே உத்தரவு போடும் ‘எம்’. நரைத்த குட்டை முடி, ஒரு பார்வையிலேயே எதிரில் நிற்பவரை அடக்கிவிடும் முகம். 1995இல் அந்த வேடத்தில் அவர் முதலில் வந்தபோது வயது 60. அந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, இவர் எப்போதுமே இப்படித்தான் இருந்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால் அவருடைய இருபதுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட இங்கிலாந்தில் யார்க் அவருடைய ஊர். 1934 டிசம்பரில் பிறந்தார். அப்பா டாக்டர். ஊரிலிருந்த தியேட்டர் ராயல் அரங்கின் நடிகர்களுக்கும் அவர்தான் வைத்தியம் பார்த்தார். அம்மா நாடக உடை வேலைகளில் கைகொடுத்தவர். 1951இல், பைபிள் கதைகளை ஊர்மக்களே நடிக்கும் பழங்கால நாடகங்களுக்கு யார்க்கில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். இடிந்துபோன ஒரு மடாலயத்தின் சுவர்களுக்கு நடுவே நடந்த அந்த நாடகத்தில் ஜூடி ஒரு வானதூதர். அப்போதும்கூட நடிகையாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. மேடை அமைப்பு வடிவமைப்பவராக வேண்டும் என்று ஊர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார்.

1953இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய் அவருடைய கிங் லியர் நாடகம் பார்த்தார். மைக்கேல் ரெட்கிரேவ் லியராக நடித்தார். ஜூடி பார்த்தது மேடையை. பெரிய அப்பளம் போல ஒரு தளம், நடுவில் ஒரு பாறை என்று பின்னாளில் அவரே வர்ணித்திருக்கிறார். ஆமாம், நம் அப்பளத்தைத்தான் சொன்னார். அந்தப் பாறை சுழன்றால் அரியணை, இன்னும் சுழன்றால் குகை. திரை போட்டு மூடுவது, சாமான் மாற்றுவது எதுவும் கிடையாது. இப்படி ஒன்று தன் மூளையில் ஒருநாளும் உதித்திருக்காது என்று அவருக்குப் பட்டது. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டார். அண்ணன் ஜெஃப்ரி ஏற்கெனவே லண்டனில் சென்ட்ரல் ஸ்கூல் நடிப்புப் பள்ளிக்குப் போனவர். தங்கையும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

இதை நீ கவனிக்க வேண்டும். தனக்கு வராத ஒன்றை அவர் மனதாரக் கைவிட்டிருக்கிறார். ஆகவே ‘விட்டுவிடாதே’ என்று நான் கண்ணை மூடிக்கொண்டு உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தது அவருடைய சொந்தக் கண். பத்திரிகைக்காரரும் ஆடிஷன்காரரும் சொல்லி அவர் விடவில்லை.

அந்தப் பள்ளி அப்போது ராயல் ஆல்பர்ட் ஹால் கட்டடத்துக்குள் இருந்தது. அங்கே ஊமை நடிப்பு வகுப்பில் ‘நினைவு’ என்று ஒரு தலைப்பு கொடுத்து, தயார் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ஜூடி சுத்தமாக மறந்துபோய் வந்துவிட்டார். பெயரைக் கூப்பிட்டதும் வேறு வழியில்லாமல் எழுந்து போனார். இல்லாத ஒரு தோட்டத்துக்குள் நடந்தார். குனிந்து ஒரு செடியை முகர்ந்தார். ஒரு கல்லை எடுத்துக் குளத்தில் போட்டுவிட்டு, அலை வட்டமாக விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான். ஆசிரியர் மனம் நிறைந்து பாராட்டினார். ‘நமக்கு இது வரும்’ என்ற நம்பிக்கை தனக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். உனக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும், இல்லையென்றால் மூன்று வருடம் சனி ஞாயிறைக் கொடுத்திருக்க மாட்டாய். அது எந்த நாள் என்று இந்த வாரம் யோசித்துப் பார்.

சரி, ஒஃபீலியாவுக்கு வருகிறேன். 1957இல் படிப்பு முடிகிற நேரத்தில் ஓல்டு விக்கில் ஆடிஷன். கலை இயக்குநர் மைக்கேல் பென்தால், ஒஃபீலியா வசனங்களைப் படித்துக்கொண்டு மறுபடி வா, யாரிடமும் சொல்லாதே என்றார். சின்னச் சின்ன வேடம் கிடைத்தாலே போதும் என்று போன பெண்ணுக்கு ஹாம்லெட்டின் நாயகி வேடம். ஹாம்லெட்டாக ஜான் நெவில், அப்போது லண்டன் கொண்டாடிய நடிகர். செப்டம்பரில் லிவர்பூலில் முதலில் போட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார்கள். ‘யாரென்றே தெரியாத பெண்ணுக்கு அடித்தது யோகம்’ என்கிற பாணியில் பத்திரிகைகள் முன்கூட்டியே பரபரப்பு கிளப்பிவிட்டதால், விமர்சகர்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். திறமை இருக்கிறது, அதைத் தாங்குகிற தொழில்நுணுக்கம் இன்னும் கைவரவில்லை என்று ஒருவர் எழுதினார். உன் குரலைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இதேதானே?

அப்புறம் 1958இல் அமெரிக்கப் பயணம். ஒஃபீலியா வேடம் பார்பரா ஜெஃபர்டுக்குப் போனது. ஜெஃபர்ட் அப்போதே அனுபவப்பட்ட நடிகை, பென்தாலின் முடிவில் அநியாயம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் 23 வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தினமும் தான் பேசிய வசனத்தை, தான் பாடிய பாட்டை, பத்தடி தள்ளி இன்னொருத்தி பாடக் கேட்பது.

அவர் கோபித்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறவில்லை. குழுவோடு அமெரிக்கா போனார். ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தில் மரியா, ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிரெஞ்சு இளவரசி கேத்தரின். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மூத்தவர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள், சிரிப்பு வரும் வரியை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஓல்டு விக்கில் மொத்தம் நான்கு வருடம். அதில் வனதேவதை கூட்டத்தில் ஒருத்தியாகவும் வந்திருக்கிறார். அதே மேடையில் 1960இல் பிராங்கோ ஸெஃபிரெல்லி இயக்கிய ரோமியோ ஜூலியட்டில் ஜூலியட் ஆனார்.

அந்த விமர்சனங்கள் வந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிகிறது. எதற்காக நடிக்க வந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு பதில் கிடைத்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை என்கிறார். பேட்டியில் சொல்லிவிட்டால் அது நாலு பேர் மதிப்பெண் போடுகிற சரக்காகிவிடும் என்று நான் புரிந்துகொள்கிறேன். நீயும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம்.

ஜூலியட்டுக்குப் பிறகாவது நிம்மதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1961 டிசம்பரில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போட்ட, செகாவின் செர்ரி ஆர்ச்சர்ட் நாடகத்தில் ஆன்யா வேடம். இயக்குநர் மிஷேல் சாந்தெனி ஒத்திகை முழுக்க இவரையே குறிவைத்துக் கண்டித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் பெக்கி ஆஷ்கிராஃப்ட் இருந்தார், அன்றைய ஆங்கில மேடையின் மூத்த நடிகை. அவர் ஜூடியைத் தனியே கூப்பிட்டு, நீ அழுவதை அந்த மனிதர் பார்க்க விடாதே என்று சொல்லிக்கொடுத்தார். நடிகரும் நாடக இயக்குநருமான ஜான் கில்குட்டும் அதே நாடகத்தில் நடித்தார். ஒருநாள் ஒத்திகை முடிந்து வெளியே வரும்போது, என்னுடைய நாடகத்தில் நீ இப்படி நடித்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மீண்டு வந்ததாக ஜூடி நன்றியோடு சொல்வார். உன் குழுவில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடி. பத்துப் பேர் வேண்டாம், ஒருவர் போதும். உன் வேடத்தை வாங்கிக்கொண்ட அந்த அக்காவே அவராக இருக்கலாம். அவரிடம் போய், ‘அக்கா, அந்த இரண்டாவது காட்சியில் குரலை எங்கிருந்து எடுக்கிறீங்க?’ என்று கேட்டுப் பார்.

முகத்தைப் பற்றிச் சொன்னதை நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஜூடி இளவயதில் ஒரு சினிமா வாய்ப்புக்காகப் போனபோது, உன் முகத்தில் சரியாக இருப்பது ஒன்றுகூட இல்லை என்று நேருக்கு நேர் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு முதல் படம் 1964இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘ஃபோர் இன் த மார்னிங்’ படத்துக்காக, நம்பிக்கை தரும் புதுமுகம் என்று பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி விருது கொடுத்தது. திரையில் உலகமே திரும்பிப் பார்க்கும்படியான கதாநாயகி வேடம், விதவை ராணி விக்டோரியாவாக, 1997இல்தான். அப்போது வயது 62. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆஸ்கர் வாங்கித் தந்தது, படத்தில் சுமார் எட்டு நிமிடமே வந்த ஒரு வேடம். குரலைப் பற்றி எழுதியதில் உண்மை இருக்கலாம், அதைக் காதில் வாங்கிக்கொள், அது பயிற்சியில் மாறும். முகத்தைப் பற்றிச் சொன்னதை வைத்து உன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதை அந்த ஆடிஷன் அறையிலேயே விட்டுவிட்டு வா.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உன் நிலைமையும் அவர் நிலைமையும் ஒன்றல்ல. அவருக்கு மூன்று வருட முழுநேரப் பயிற்சி இருந்தது. வருடம் முழுக்க நாடகம் போட்டு, வாராவாரம் சம்பளம் கொடுக்கும் குழு இருந்தது. ஒரு சீசனில் நாலைந்து வேடம் கட்டினால் தொழில்நுணுக்கம் தானாகப் படியும். நீ மூன்று வருடத்தில் ஒரு பெரிய வேடம், அதில் மூன்று காட்சி. இந்தக் கணக்கில் உனக்கு நீயே தீர்ப்பு எழுதுவது அநியாயம். மேடையேறும் எண்ணிக்கையைக் கூட்டு. வேறு குழுக்களில், தெருமுனை நாடகத்தில், கல்லூரி நாடகத்தில், எங்கே கூப்பிட்டாலும் போ. குரல் பயிற்சிக்கு ஒரு ஆசிரியரைப் பார்த்துக்கொள், வாரம் ஒரு மணி நேரம் போதும். வங்கித் தேர்வையும் எழுது, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஓல்டு விக் ஜூடிக்குக் கொடுத்த சம்பளத்தை உனக்கு ஒரு வங்கி கொடுத்துவிட்டுப் போகட்டுமே.

வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டாயம் போ. கூட்டத்தில் ஒருத்தியாகவே போ. ஜான் நெவில் அந்த ஹாம்லெட் நாட்களில் ஜூடி எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1963இல் நாட்டிங்ஹாம் நாடகக் குழு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியபோது, நெவிலோடு போன நடிகை ஜூடிதான். இந்தத் தடவை மேக்பெத் நாடகத்தின் நாயகி, லேடி மேக்பெத்.

அம்மா விஷயம் பாக்கி இருக்கிறது. உன் மூன்று காட்சிகளில் ஒன்றையாவது அம்மா பார்த்தாரா? கடிதத்தில் நீ எழுதவில்லை, பார்த்திருந்தால் எழுதியிருப்பாய் என்று தோன்றுகிறது. ஜூடியின் அப்பா அம்மா அவர் நடிப்பதைப் பார்க்க வந்துவிடுவார்கள். ஜூலியட்டாக அவர் ஒருநாள் மேடையில் நின்று, ‘என் அப்பாவும் அம்மாவும் எங்கே?’ என்று செவிலியிடம் கேட்கும் வரியைப் பேசினார். கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா, ‘இங்கேதான் இருக்கோம் கண்ணு, எச் வரிசையில்!’ என்று குரல் கொடுத்துவிட்டார்.

அடுத்த காட்சிக்கு அம்மாவுக்கு ஒரு டிக்கெட் நீயே எடுத்துக் கொடு. முன்வரிசை வேண்டாம், எட்டாவது வரிசை. உன் குரல் அங்கே வந்து சேருகிறதா என்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேள்.

அன்புடன்,
அக்கா