கடல்நீர்ப் பவளத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது என்பது ஏன்?

உப்புநீர் கலந்தாயிற்று, பாறை அடுக்கியாயிற்று, பம்பும் ஓடுகிறது. அப்புறமும் ஏன் காத்திருக்க வேண்டும்? இந்தக் காத்திருப்பை ‘சைக்கிளிங்’ என்பார்கள். தொட்டியில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகும் காலம், அவ்வளவுதான்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவைத் தரும். மீனுக்கு அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் நல்லதல்ல. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றிக் குறைத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும்.

கழிவுநீர்க் குழாய் இணைக்காத புது வீட்டில் குடும்பத்தோடு குடியேறுவதை நினைத்துப் பாருங்கள். சுவரும் கூரையும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டே நாளில் இருக்க முடியாது.

அதனால் முதலில் மீன் இல்லாமலே சிறிது அம்மோனியா சேர்த்து, பரிசோதனைக் கிட்டால் அளந்து வாருங்கள். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமானால் ஒன்றிரண்டு மீன் விடலாம். பவளம் அதற்கும் பிறகு; அவசரமே வேண்டாம். இடையில் ஆவியாகும் நீருக்கு நன்னீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாது.

பலரும் ஏமாறுவது தெளிந்த தண்ணீரைப் பார்த்துத்தான்: நீரில் கரைந்த அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது, கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் மீன் சாகும்.