அலுவலகம் கலைந்தபின் கோப்புகளை யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, இங்கிலாந்தின் சுகாதார அமைப்புகள் அடிக்கடி பெயரும் உருவமும் மாறுவதைப் பற்றியவை. பழைய அலுவலகம் போய்விட்டது, தகவலை யாரிடம் கேட்பது என்பதே எல்லாருடைய கவலையும். நான் பதினான்கு ஆண்டுகள் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் அலுவலகங்களில் தகவல் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தவள். அதனால் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பகுதியில் இருந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தை 2019இல் மூடிவிட்டார்கள். இப்போது அம்மாவை இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போகிறேன். ஏன் மூடினார்கள் என்று, எங்கள் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளைத் திட்டமிடும் ஐ.சி.பி.க்கு எழுதிக் கேட்டேன். ‘அது நாங்கள் தொடங்குவதற்கு முன் நடந்தது, எங்களிடம் தகவல் இல்லை’ என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இதோடு விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. ‘முன் நடந்தது’ என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து ‘எங்களிடம் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. கோரிக்கை வந்த நேரத்தில் அந்தத் தாள் அந்த அமைப்பிடம் இருக்கிறதா என்றுதான் தகவல் சுதந்திரச் சட்டம் கேட்கிறது. யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது என்பது பொருட்டே இல்லை. வாடகைக் கிடங்கில் ஒரு பெட்டிக்குள் கிடந்தாலும், அவர்களுக்காக அங்கே வைக்கப்பட்டிருந்தால் அது அவர்களிடம் இருப்பதாகத்தான் கணக்கு.

2019இல் இந்த மாதிரி முடிவுகளை எடுத்துவந்தவை சி.சி.ஜி.க்கள் என்ற உள்ளூர் என்.எச்.எஸ். அமைப்புகள். 2022 ஜூன் 30உடன் அவை எல்லாம் கலைந்தன. மறுநாளே 42 ஐ.சி.பி.க்கள் வந்தன. ஊழியர்களும் ஒப்பந்தங்களும் கோப்புகளும் அவற்றின் கைக்குப் போயின. சில இடங்களில் நடுவில் இன்னொரு மாற்றமும் உண்டு. வடமேற்கு லண்டனில் 8 சி.சி.ஜி.க்கள் 2021 ஏப்ரலில் ஒன்றாகச் சேர்ந்தன, அடுத்த ஆண்டே அந்தப் பெரிய சி.சி.ஜி.யும் கலைந்தது. அங்கே 2019இன் தாள் ஒன்று மூன்று வருடத்துக்குள் இரண்டு தடவை வீடு மாறியிருக்கும். உங்கள் பகுதியிலும் அப்படி நடந்ததா என்று முதலில் பாருங்கள். சரியான பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் தேடுபவருக்குப் பிடி கிடைக்கும்.

இப்படி வீடு மாறும்போது என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சி.சி.ஜி.க்களுக்கு முன் இருந்த பி.சி.டி.க்கள் 2013 மார்ச் 31உடன் மூடப்பட்டபோது, கடைசி வாரம் முழுவதும் நாங்கள் பெட்டி கட்டினோம். பாதிப் பெட்டிகளின் மேல் ‘இதர’ என்றுதான் எழுதியிருந்தது. எந்தக் கோப்பு எங்கே என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். அந்த வாரமே அவர் வேலையை விட்டுப் போனார். சில மாதம் கழித்து ஒரு பெண்மணி, பிரசவப் பிரிவு ஒன்றை இடம் மாற்றியதற்கான காரணத்தைக் கேட்டு எழுதினார். பட்டியலில் தேடினேன், கிடைக்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுவருடம் வேறு எதையோ தேடும்போது ஓர் ‘இதர’ பெட்டியில் அந்த அறிக்கை அப்படியே இருந்தது. அன்றைக்கே அந்த அம்மாவின் முகவரியைத் தேடி மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன். அவர் அதற்காக ஒரு வருடம் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘இல்லை’ என்ற பதில் பல நேரம் பொய்யாக இருக்காது. சரியாகத் தேடவில்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பதில் வந்து 40 வேலை நாள் ஆகவில்லை என்றால் ‘இன்டர்னல் ரிவ்யூ’, அதாவது அவர்களே தங்கள் பதிலை மறுபடி பரிசீலிப்பது, வேண்டும் என்று எழுதுங்கள். காரணம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: ‘பழைய சி.சி.ஜி.யின் பதிவுகளை நீங்கள் பெற்றீர்களா? கிடங்கில் உள்ள பெட்டிகளிலும், கைமாற்றிய மின்கோப்புகளிலும், பழைய மின்னஞ்சல்களிலும் தேடினீர்களா? வேறு யாரிடமாவது இருக்கலாம் என்றால், 16ஆம் பிரிவின்படி யாரிடம் என்று சொல்லுங்கள்.’ அந்தப் பிரிவு, கேட்பவருக்கு ஆலோசனையும் உதவியும் தர வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதன் எண்ணைப் பார்த்தாலே பதில் எழுதுபவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதோடு, ‘மூடியது பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்காதீர்கள். என்.எச்.எஸ். அமைப்பு ஒன்று தேடுவதற்கு 450 பவுண்டுக்கு மேல், அதாவது 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மறுத்துவிடலாம். மூடுவது என்று முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு, அந்தக் கூட்டத்தில் வைத்த அறிக்கை, யாருக்கெல்லாம் பாதிப்பு என்று பார்த்த சமத்துவ மதிப்பீடு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். நீங்கள் தேடும் காரணம் இவற்றில் ஒன்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் கவுன்சிலில் சுகாதாரத்தைக் கண்காணிக்கும் ‘ஸ்க்ரூட்டினி’ குழு ஒன்று இருக்கும். சேவையில் பெரிய மாற்றம் என்றால் என்.எச்.எஸ். அங்கே வந்து கலந்தாலோசிக்க வேண்டும். கவுன்சில் கலையவில்லை என்றால் 2019இன் நிகழ்ச்சி நிரலும் தாள்களும் அதன் தளத்திலேயே இருக்கக்கூடும். நிலையத்தை நடத்திய மருத்துவமனை டிரஸ்டும் இதே சட்டத்துக்கு உட்பட்டதுதான், அங்கேயும் ஒரு கோரிக்கை போடலாம். ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்தில் நடந்திருந்தால், என்.எச்.எஸ். வேலை சம்பந்தப்பட்ட தகவலுக்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களே. இதெல்லாம் ஆன பிறகும் ‘இல்லை’ என்றே வந்தால், இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: என்.எச்.எஸ்.ஸின் தலைமை அமைப்பான ‘என்.எச்.எஸ். இங்கிலாந்தை’க் கலைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்களே. புதிய ஏற்பாடு வந்தபின் கேட்டால் நல்லதா?

பதில்: இல்லை, இப்போதே கேளுங்கள். பிரதமர் அதை அறிவித்தது 2025 மார்ச் 13இல். ஆனால் அது சட்டத்தால் உண்டான அமைப்பு, கலைக்கவும் சட்டம் வேண்டும். கலைக்கிற நாள் வரை 20 வேலை நாளுக்குள் பதில் சொல்லும் கடமை அதற்கு உண்டு. ஆட்கள் கிளம்பத் தொடங்கிய பிறகு கேட்டால், எந்த அலமாரியில் பார்ப்பது என்று தெரிந்தவர் இருக்க மாட்டார். இன்னொன்று, ஒரு கோரிக்கை வந்தபின் அந்தத் தகவலைக் கொடுக்காமல் இருப்பதற்காக அழிப்பது 77ஆம் பிரிவின்படி குற்றம். கேட்காத தாளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருவேளை பதில் வருமுன்னே அமைப்பு போய்விட்டால், பழைய கடிதத்தின் நகலோடு அதன் வேலையை எடுத்துக்கொண்டவருக்குப் புதிதாக ஒரு கோரிக்கை எழுதுங்கள். அது தானாகப் போய்ச் சேரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். பொதுச் சுகாதாரத்தைக் கவனித்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அமைப்பின் பழைய ஆவணங்கள் சில வேண்டும். அது இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: ஒரே இடத்தில் இல்லை, தம்பி. 2013இல் தொடங்கிய அந்த அமைப்பை 2021இல் பிரித்துவிட்டார்கள். தொற்றுநோய்ப் பாதுகாப்பு யு.கே. ஹெல்த் செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போனது. உடல் பருமன், புகைப்பழக்கம் போன்றவை சுகாதாரத் துறைக்குள்ளேயே புதிதாக வந்த ஓர் அலுவலகத்துக்குப் போயின. புற்றுநோய்ப் பதிவேடு, தரவுகளைக் கவனித்த என்.எச்.எஸ். டிஜிட்டலுக்குப் போனது. 2023 பிப்ரவரியில் அந்த டிஜிட்டலும் என்.எச்.எஸ். இங்கிலாந்தோடு இணைந்தது. ஆகவே அமைப்பின் பெயரை விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய வேலையை இப்போது செய்வது யார் என்று தேடுங்கள். எழுதுவதற்கு முன் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அரசு இணையக் காப்பகத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய தளத்தின் பக்கங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு 20 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: காலமான என் அப்பாவின் மருத்துவக் குறிப்புகளைத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்கலாமா?

பதில்: இந்தச் சட்டத்தில் கொடுக்க மாட்டார்கள் அம்மா, பிழையான கதவைத் தட்டி நாளைக் கடத்தாதீர்கள். இறந்தவரின் குறிப்புகளுக்கு 1990ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுகள் அணுகல் சட்டம் இருக்கிறது. உயில் அல்லது சொத்தை நிர்வகிக்கும் சட்டப் பிரதிநிதியோ, இறப்பின் காரணமாக உரிமை கோரக்கூடியவரோ கேட்கலாம். ஜி.பி. பதிவுகளைப் பொதுவாக இறப்புக்குப் பின் 10 ஆண்டு வைத்திருப்பார்கள். அப்பா எந்த ஆண்டு போனார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பத்து நெருங்குகிறது என்றால் இந்த வாரமே எழுதிவிடுங்கள். சர்ஜரி மூடிவிட்டிருந்தால், பிரைமரி கேர் சப்போர்ட் இங்கிலாந்து என்ற சேவையிடம் கேளுங்கள்.